கழுத்து வலிக்கிறதா, கை வலிக்கிறதா, ஸ்டாண்டு ஆடுகிறதா? லேப்டாப் மேசையைச் சரிசெய்யும் வழி

"தம்பி, நீ சொன்ன மாதிரி ஸ்டாண்டு வாங்கிட்டேன். கழுத்து இப்ப பரவாயில்ல. ஆனா மணிக்கட்டு வலி உயிர் போகுதுடா."

அக்கா போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு மனசு உறுத்தியது. லேப்டாப்பை உயர்த்தி வைக்கும் ஸ்டாண்டு ஒன்றை வாங்கச் சொன்னவன் நான்தான். எதை அளந்துவிட்டு வாங்க வேண்டும், கூடவே வேறென்ன வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. அந்த வார இறுதியில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசைதான் அவருடைய அலுவலகம். 2024 டிசம்பர் 1 அன்று நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு பற்றிய வழிகாட்டிக் குறிப்புகள் நடப்புக்கு வந்தபின், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. மூன்று நாள் என்றால் இருபத்து நான்கு மணி நேரம். அவ்வளவு நேரமும் சாப்பிடுவதற்காகச் செய்த மேசை, சாப்பிடுவதற்காகச் செய்த நாற்காலி.

அன்றைக்கு அங்கே பார்த்ததையும், நான் மூன்று ஸ்டாண்டு மாற்றியதில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அளவு எடுக்கும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் அளவு

லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கண்ணுக்குத் திரை மேலே இருக்க வேண்டும், கைக்கு விசைப்பலகை கீழே இருக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். எல்லாத் தொந்தரவும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆகவே முதலில் நாற்காலி, அப்புறம் கை, கடைசியில்தான் கண். தோளைத் தளர்த்தி உட்காருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டினாற்போல் மடக்குங்கள். முழங்கை மேசைப் பலகையின் மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காவின் உயரம் 155 செ.மீ. மேசை 75 செ.மீ., நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. முழங்கை தரையிலிருந்து 67 செ.மீ.தான் வந்தது. அதாவது மேசை 8 செ.மீ. உயரம் அதிகம். தட்டும்போதெல்லாம் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

உயரம் மாற்றக்கூடிய நாற்காலி ஒன்று போட்டு இருக்கையை 52 செ.மீ.க்கு ஏற்றினோம். கால் தரையில் படவில்லை. குளியலறையில் கிடந்த குட்டைப் பிளாஸ்டிக் முக்காலியைக் கழுவித் துடைத்துக் காலுக்குக் கீழே வைத்தோம். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், ஆகையால் இதை விட்டுவிடக் கூடாது.

இப்போது கண். நேராகப் பார்த்தபடி உட்கார்ந்து, மேசையிலிருந்து கண்வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் லேப்டாப்பை வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, மேசையிலிருந்து திரையின் மேல்விளிம்புவரை அளங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எவ்வளவு தூக்க வேண்டும் என்பது கிடைக்கும். பழைய நாற்காலியில் அக்காவுக்கு 40-இல் 21 போக 19 செ.மீ. நாற்காலியை ஏற்றியபின் 47-இல் 21 போக 26 செ.மீ. நாற்காலியைச் சரிசெய்யாமல் அளந்து வாங்கியிருந்தால் 7 செ.மீ. குறைந்துபோயிருக்கும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே இருப்பதும் நல்லதுதான் என்பதால், 22 செ.மீ. தூக்கினால் போதும் என்று முடிவு செய்தோம். அக்கா வாங்கி வைத்திருந்த ஸ்டாண்டு 6 செ.மீ.தான் தூக்கியது. அந்த ஆறே கழுத்துக்கு இதமாக இருந்திருக்கிறது என்றால், முன்பு எவ்வளவு குனிந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் ஒத்திகை பாருங்கள். பிஸ்கட் டின், தடித்த புத்தகங்கள், எது இருக்கிறதோ அதை அடுக்கி அந்த உயரத்தில் லேப்டாப்பை வையுங்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அந்த உயரம் ஒத்துவருகிறதா என்று இரண்டாம் நாள் மாலையில் கழுத்தே சொல்லிவிடும்.

கழுத்தின் பின்பக்கம் இழுக்கிறது

திரை தாழ்வாக இருக்கிறது. மனிதத் தலை கிட்டத்தட்ட 5 கிலோ. 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். குனிந்த தலையைத் தாங்கும் கழுத்துத் தசைக்கு அந்த இரண்டாவது வேலைதான், நாள் முழுக்க.

கடையில் கிடைக்கும் ஸ்டாண்டுகளில் பல இந்தக் குறையைத் தீர்க்காது. ஆப்பு மாதிரி லேப்டாப்பின் பின்பக்கத்தை மட்டும் சாய்வாகத் தூக்குபவை, அடியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய மடிப்புக் கால்கள் ஆகியவை சில சென்டிமீட்டர்தான் தூக்கும். காற்றோட்டத்துக்கு நல்லவை, கழுத்துக்குப் போதாது. வளைத்துச் செய்த ஒரே துண்டு அலுமினிய ஸ்டாண்டுகள் பெரும்பாலும் 15 செ.மீ. பக்கம் நிற்கும், உயரம் மாற்ற முடியாது. தாழ்ந்த மேசையும் உயரமான ஆளுமாக இருந்தால் அதுவும் பற்றாது. இரண்டு இடத்தில் மடங்கும் இசட் வடிவ ஸ்டாண்டுகள் பலவும் 20 செ.மீ.க்கு மேல் போகும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் உயரம் எங்கிருந்து எங்கே என்று பாருங்கள். லேப்டாப் உட்காரும் பலகையை முழுச் சாய்வில் வைத்து, பின்விளிம்பை அளந்து போட்டிருப்பார்கள். அப்படிச் சாய்த்தால் இன்னொரு சிக்கல் வரும். பின்பக்கம் உயர உயரத் திரை உங்கள் முகத்தை நோக்கிக் குனியும், அதை நிமிர்த்த மூடியை இன்னும் விரிக்க வேண்டும். பலகை 25 பாகை சாய்ந்தால் மூடியும் 25 பாகை கூடுதலாகத் திறக்க வேண்டும். பல லேப்டாப்புகளின் கீல் 130, 135 பாகையோடு நின்றுவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் மூடி எதுவரை விரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். கீல் அதிகம் விரியாவிட்டால், பலகையைப் படுக்கையாக வைத்தபடியே உயர்த்தக்கூடிய ஸ்டாண்டாக வாங்குங்கள்.

கழுத்து சரியாயிற்று, இப்போது தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன

அக்காவுக்கு வந்தது இதுதான். ஸ்டாண்டில் ஏற்றிய லேப்டாப்பின் விசைப்பலகையிலேயே தட்டினால் கை அந்தரத்தில் நிற்கும், மணிக்கட்டு பின்னோக்கி மடியும். 6 செ.மீ. உயரத்திலேயே அவருக்கு வலி வந்துவிட்டது என்றால், 22 செ.மீ. உயரத்தில் அப்படி ஒருநாள்கூடத் தட்ட முடியாது. ஸ்டாண்டு வாங்கும்போதே தனி விசைப்பலகையும் மவுசும் சேர்த்து வாங்குங்கள். பணம் இரண்டுக்கும் போதாது என்றால் விசைப்பலகையையும் மவுசையும் முதலில் வாங்குங்கள். ஸ்டாண்டின் வேலையைப் புத்தக அடுக்கு சில மாதம் பார்த்துக்கொள்ளும். புத்தக அடுக்கால் விசைப்பலகை வேலையைப் பார்க்க முடியாது.

விசைப்பலகையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கனம் குறைவாக, தட்டையாக இருக்க வேண்டும். மேசை ஏற்கெனவே உயரம், அதன்மேல் தடித்த விசைப்பலகை இன்னும் 3 செ.மீ. ஏற்றும். இரண்டு, பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கியே வையுங்கள். அதை விரித்தால் பார்க்க நன்றாக இருக்கும், மணிக்கட்டு பின்னோக்கி மடியும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. வலப்பக்கம் எண் பகுதி உள்ள நீண்ட விசைப்பலகை மவுசை இன்னும் வெளியே தள்ளி வைத்துவிடும். நாளெல்லாம் கை வெளியே விரிந்தே இருப்பதால் வலது தோள்பட்டைக்கு அடியில் ஒரு முடிச்சு மாதிரி வலி வரும். கணக்கு வேலை இல்லாதவர்கள் எண் பகுதி இல்லாத சின்ன விசைப்பலகையே வாங்குங்கள். எனக்கு இரண்டு வருடமாக இருந்த தோள் வலி, விசைப்பலகையை மாற்றிய மூன்றாவது வாரத்தில் போனது. அதுவரை ஸ்டாண்டுதான் காரணம் என்று நினைத்து, ஸ்டாண்டையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

தமிழில் தட்டுபவர்கள் தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்99, அஞ்சல் எல்லாம் கணினிக்குள் இருக்கும் அமைப்பு, எந்த விசைப்பலகையைச் செருகினாலும் அப்படியே வேலை செய்யும்.

அலுவலகத்தில் இந்தக் கருவிகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அலுவலகப் பணிச்சூழலுக்கென்றே எஸ்எஸ் 514 என்று ஒரு சிங்கப்பூர்த் தரக்குறியீடு இருக்கிறது. மனிதவளப் பிரிவுக்கு எழுதும்போது அதைக் குறிப்பிட்டு எழுதலாம். அக்கா எழுதினார், விசைப்பலகையும் மவுசும் வந்தன.

திரையை உயர்த்தியபின் கழுத்து பின்னால் மடிந்து வலிக்கிறது

கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? நாற்பதைத் தாண்டியவர்கள் போடும் பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளில் கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி வில்லையின் அடியில் இருக்கும். திரை கண்மட்டத்தில் இருந்தால், அந்த அடிப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவீர்கள். பிடரி மடிந்தே இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. மோவாய் தூக்காமல் எழுத்து தெளிவாகத் தெரியும்வரை திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், மூடியைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டு இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து கண்ணாடிக் கடையில் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்து தருவார்கள். என் மாமா அப்படித்தான் செய்துகொண்டார்.

கண்ணாடி இல்லாமலே இப்படி வலித்தால் திரை வெறுமனே உயரம் அதிகம். இறக்குங்கள்.

தட்டும்போது ஆடுகிறது

லேப்டாப்பின் விசைப்பலகையிலேயே தட்டுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். தனி விசைப்பலகை வந்ததும் முக்கால்வாசி ஆட்டம் நின்றுவிடும்.

அதற்குப் பிறகும் ஆடினால், ஸ்டாண்டா மேசையா என்று பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்து, தனி விசைப்பலகையில் தட்டுங்கள். தண்ணீர் நன்றாக நடுங்கினால் மேசைதான். மடக்கு மேசைகளில் இது சகஜம், காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தாலே குறையும். தண்ணீர் அசையவில்லை என்றால் ஸ்டாண்டின் மூட்டு. இசட் வடிவ ஸ்டாண்டுகளின் மூட்டில் அறுகோணக் குழி உள்ள திருகாணி இருக்கும், பெட்டியிலேயே எல் வடிவச் சாவி ஒன்று வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கால் சுற்று இறுக்கினால் போதும். மிகவும் இறுக்கினால் உயரம் மாற்றவே முடியாமல் போய்விடும்.

இறுக்கியும் லேப்டாப் மெல்லத் தானாகக் கீழே இறங்கினால் அந்த ஸ்டாண்டு உங்கள் லேப்டாப்பின் எடையைத் தாங்கவில்லை. மெல்லிய 13 அங்குல லேப்டாப் ஒன்றேகால் கிலோ இருக்கும், விளையாட்டுக்கான 16 அங்குல லேப்டாப் இரண்டரை கிலோவைத் தொடும். இரண்டுக்கும் ஒரே ஸ்டாண்டு என்று விற்பார்கள். கடையில் நேரில் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போனால் உங்கள் லேப்டாப்பையே எடுத்துப் போங்கள். ஸ்டாண்டில் முழு உயரத்தில் வைத்து, மூடியை நன்றாகப் பின்னால் விரித்து, பலகையின் ஒரு மூலையில் விரலால் அழுத்துங்கள். அடித்தட்டின் எதிர்மூலை மேசையைவிட்டு எழுந்தால் வாங்காதீர்கள். ஸ்டாண்டின் அடித்தட்டு கனமாகவும் அகலமாகவும் இருப்பது அழகைவிட முக்கியம். நான் முதலில் வாங்கியது இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கியது. ஒரு மாலை கூட்டத்தின் நடுவே லேப்டாப்போடு முன்னால் கவிழ்ந்தது. கையில் பிடித்ததால் திரை தப்பியது.

முன்னால் சறுக்குகிறது, அல்லது பிசுபிசுக்கிறது

சாய்வான பலகையில் முன்பக்கம் இரண்டு கொக்கிகள் இருக்கும். அவை உங்கள் லேப்டாப்பின் தடிமனுக்கு ஏற்ற உயரமாக இருக்க வேண்டும். உயரம் அதிகமானால் மூடியைத் திறக்கும் பள்ளத்தை மறைக்கும். லேப்டாப் உட்காரும் இடத்தில் உள்ள ரப்பர் பட்டை தூசி படிந்தால் வழுக்கும், ஈரத் துணியால் துடைத்தால் பிடி திரும்ப வரும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்று நடக்கும். மிருதுவான ரப்பர் பூச்சு கொடுத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டுகள் சில வருடத்தில் பனங்கருப்பட்டி தொட்டது மாதிரிப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். பூச்சே ஈரப்பதத்தில் சிதைகிறது, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் பூச்சோடு போகும். புதிதாக வாங்கும்போது பூச்சு இல்லாத அலுமினியமும் சிலிக்கான் பட்டையும் உள்ளதாகப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஓரத்தில் ஈரம் ஏறி உப்பும். ஜன்னலோரம் வைப்பவர்களுக்கு அது சரிவராது.

விசிறி இரைகிறது, லேப்டாப் சுடுகிறது, மதியத்தில் மந்தமாகிறது

பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பக்கத்துத் துளை வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. மேசை விரிப்பின் மேலோ மெத்தையின் மேலோ வைத்தால் மூச்சு அடைக்கும். சூடு அளவைத் தாண்டினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளியே 32 பாகை இருக்கும் மதியத்தில், குளிர்சாதனம் போடாத அறையில், இது சீக்கிரமே நடக்கும்.

எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் அடிப்பக்கம் திறந்திருந்தால் உதவும். அலுமினியம் சூட்டை இழுத்துவிடும் என்று கடைக்காரர் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப் அலுமினியத்தைத் தொடுவதில்லை, ரப்பர் பட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்வது நடுவிலுள்ள காற்று இடைவெளி. ஆகவே நடுவில் பெரிய திறப்பு உள்ளதா என்று பாருங்கள். உங்கள் லேப்டாப்பைத் திருப்பி, துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஸ்டாண்டில் வைத்தும் இரைந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். சாதாரண அலுவலக வேலைக்கு விசிறி வைத்த ஸ்டாண்டு தேவைப்படாது.

தொட்டால் சுரீர் என்கிறது

உலோக லேப்டாப்பை உலோக ஸ்டாண்டில் வைத்துச் சார்ஜ் ஏறும்போது விரலால் தடவினால் லேசாக அதிர்கிற மாதிரி இருக்கும். ஸ்டாண்டில் பழுது இல்லை. மண்ணிணைப்பு (எர்த்) இல்லாத சார்ஜரிலிருந்து வரும் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் அது. மூன்று முள் செருகியாக இருந்தாலும் மூன்றாவது முள் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணிணைப்புள்ள வடம் உங்கள் சார்ஜருக்குக் கிடைத்தால் அதைப் போட்டதும் நின்றுவிடும். ஆனால் லேசான அதிர்வாக இல்லாமல் உண்மையிலேயே ஷாக் அடித்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்கும்போது சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று முள் துளையின் மூடியைப் பேனாவால் நெம்பித் திறந்து, அதில் இரண்டு முள் செருகியைத் திணிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கண் எரிகிறது

திரையை உயர்த்தியதும் முன்பு படாத வெளிச்சம் இப்போது அதில் படலாம். திரையை அணைத்துக் கறுப்பாக்கிப் பாருங்கள், எந்த விளக்கு தெரிகிறதோ அதுதான் காரணம். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள். மின்விசிறி இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அதற்குக் கீழே உட்காராதீர்கள். தூரம் ஒரு கை நீளம். எழுத்து சிறியதாகத் தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகத்தை முன்னால் கொண்டு போகாதீர்கள்.

ஸ்டாண்டால் தீராதவை

விரல் மரத்துப்போவது வாரக்கணக்கில் நீடிக்கிறது, வலி தோளிலிருந்து விரல்வரை இறங்குகிறது, டம்ளரைப் பிடித்தால் பிடி தளர்கிறது என்றால் மேசையைச் சரிசெய்துகொண்டே காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைப் பாருங்கள். தேவையென்றால் இயன்முறை மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

ஒரே ஸ்டாண்டு, இரண்டு பேர்

அக்காவின் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளி வேலைக்கு அவனுக்கும் ஒரு மடிக்கணினி இருக்கிறது, அம்மா அலுவலகம் போகும் நாள்களில் அதே மேசை, அதே ஸ்டாண்டு. அவன் இப்போதே அம்மாவைவிட அரைச் சாண் உயரம். ஒவ்வொரு முறையும் உயரம் மாற்றுவது தொல்லை என்று இருவரும் மாற்றாமலே உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டாண்டின் கையில் இரண்டு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினேன். அம்மாவுக்குச் சிவப்பு, மகனுக்கு நீலம். மூட்டு அந்தக் கோட்டுக்கு வரும்வரை தூக்க வேண்டும், அவ்வளவுதான், ஐந்து விநாடி வேலை. சிவப்புக் கோடு அப்படியே இருக்கும். நீலத்தைச் சில மாதத்துக்கு ஒருமுறை மேலே நகர்த்த வேண்டும், அவனுக்கு வளருகிற வயசு.